கிச்சன் டவுட்: மலையில் மணந்த கூழ், வீட்டுக்கு வந்ததும் ஏன் வாடை அடிக்கிறது?

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும் வண்டிகளில் மிளகு, மலை வாழைப்பழத்தோடு ஒரு பை கேழ்வரகும் பெரும்பாலும் இருக்கும். வாழவந்தி நாட்டில் குடித்த கூழின் ருசி நாக்கில் நிற்க, வீட்டுக்கு வந்த கையோடு மாவு அரைத்துக் கரைத்து வைப்பார்கள். மூன்றாம் நாள் சட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். உடனே, ‘தானியம் சரியில்லை’ என்று பழி மலைமேல் விழும். பெரும்பாலான நேரம் தப்பு தானியத்தில் இல்லை.

மலை கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கூழைப் புளிக்க வைப்பவை தயிரில் இருப்பது போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். குளிரில் அவை நிதானமாக வேலை செய்யும். நாமக்கல் வெயிலில் அதே மாவு பாதி ராத்திரியிலேயே புளித்து முடித்துவிடும். காலைவரை விட்டால் புளிப்பு ஏறிக்கொண்டேதான் போகும். கீழே இருப்பவர்கள் மலைக்காரர்களின் நேரக் கணக்கைப் பின்பற்றினால் சரிவராது. கோடையில் சாயங்காலத்துக்குப் பதில் படுக்கப் போகும்போது கரைத்தால் போதும். மணி பார்ப்பதைவிட மூக்கை நம்புவது நல்லது.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். (தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அதற்கு அனுமதி இல்லை. நமக்குக் கூழே போதும்!) கெட்ட வாடை வந்தால் அது எந்த மாதிரி வாடை என்று முதலில் பெயர் சொல்வார்கள். வெண்ணெய் வாடையா, வினிகர் வாடையா, ஆஸ்பத்திரி மருந்து வாடையா என்று பிரித்துவிட்டால், தப்பு நடந்த இடம் தெரிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், பீரில் அவர்கள் பயப்படும் அந்த வெண்ணெய் வாடை நம் மோரில் இருந்தால், ‘நல்ல மோர்’ என்று சொல்வோம்.

நம் சட்டிக்கு வருவோம். சுருக்கென்று வினிகர் போல அடித்தால், அதிக நேரம் காற்றுப்படத் திறந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். மருந்து வாடை என்றால் குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கரைத்தால் தீரும். சோப்பு வாடை வந்தால் மண்சட்டியைச் சோப்பு போட்டுக் கழுவியிருப்பீர்கள். மண் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெந்நீரில் தேய்த்து வெயிலில் காய வைப்பதே போதும். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்க வைத்தால் உலோக ருசி வரும். புளிப்பில் செம்பு கரைவதால் அது ருசிக் கோளாறு மட்டுமல்ல, உடம்புக்கும் ஆகாது.

கசப்பு கம்புக் கூழில்தான் அதிகம். கேழ்வரகைவிடக் கம்பில் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அரைத்த மாவு சில நாள்களிலேயே காறிப்போகும். இதற்குப் புளிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாதத்துக்கு மொத்தமாக அரைத்து வைக்காமல், வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைக்க வேண்டும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது இரண்டாம் ராத்திரிக்குத்தான். முதல் நாள் புளித்த மாவை மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, அப்படியே இரவு மூடி வைப்பது வழக்கம். சுடச்சுட ஆழமான பாத்திரத்தில் மூடினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியில் சாகாத சில கிருமி வித்துகள் அப்போதுதான் முளைக்கும். காலையில் கரண்டியில் நூல் விட்டால், அல்லது அழுகிய வாடை வந்தால், மோர் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கொட்டிவிடுங்கள். அகலமான பாத்திரத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு மூடினால் இந்தத் தொல்லை குறையும்.

பச்சை, கறுப்பு, ரோஜா நிறத்தில் பூஞ்சை தெரிந்தாலும் அப்படித்தான். மேலே மட்டும் வழித்துவிட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். சில பூஞ்சைகள் விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, பாட்டி!

தானியத்திலேயே முக்கல் வாடை இருந்தால் மட்டும் பழி மேலே போகலாம். சாரலும் பனியும் உள்ள மலையில் சரியாகக் காயாத கதிர் மூட்டைக்குள் போனால் பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போதே ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பாருங்கள். ஒரு மணியைக் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். மெத்தென்று நசுங்கினால் அந்த மூட்டையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகலாம்.