விளக்கு வீட்டில், குரல் எங்கே?

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் இருக்கிறார். 2009 இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டைத் தாக்கியதால் கழுத்துக்குக் கீழே இயக்கமில்லை. இரவில் விளக்கை நூர்ப்பதற்கும் எழுபது வயது தாண்டிய அம்மாவைத்தான் எழுப்பவேண்டும். கனடாவிலுள்ள தம்பி அலெக்சா ஸ்பீக்கர் ஒன்றை அனுப்பினார்.

"தங்கச்சி, இது நாங்கள் கதைக்கிறதை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்குமோ?"

வீட்டுக்கு வந்து விபரம் எடுத்துப்போனவர்களைக் கண்ட மனிதரின் கேள்வி இது. வீண்பயம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

"லோக்கல் பிரிட்ஜ் போட்டிருக்கு, பயமில்லை" என்றார் தம்பி. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள், பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் இணைப்புப் பெட்டிபோல நடித்து அலெக்சாவை நம்பவைக்கும். விளக்குக்கான கட்டளை வீட்டு ரவுட்டருக்குள்ளேயே ஓடும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 'அலெக்சா' என்ற அழைப்பை மட்டுமே ஸ்பீக்கர் தானாக அறிகிறது. பிறகு சொல்வதை விளங்கிக்கொள்வது அமேசனின் சேர்வர். பாலம் ஆளியை வீட்டில் வைத்திருக்கிறது, குரலை அல்ல.

அந்தக் குரல்களை ஊழியர்கள் கேட்பதை 2019 இல் புளூம்பேர்க் வெளிப்படுத்தியது. சிறுவர்களின் குரல்பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்த வழக்கில், 2023 இல் அமேசன் 25 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. பதிவை அனுப்பாமலிருக்கும் தெரிவு அமெரிக்காவில் சில கருவிகளுக்கு இருந்தது. 2025 மார்ச் 28 உடன் அதையும் நிறுத்தினார்கள். இங்குள்ள 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தேசிய பாதுகாப்பு என்று சொல்லி விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது. அந்தச் சொல் எங்கள் வாசல்களுக்கு எப்படி வந்துபோனது என்பதை விளக்கத் தேவையில்லை.

குரலும் வீட்டைவிட்டு வெளியேறாத வழி உண்டு. ஹோம் அசிஸ்டன்ட் 2024 டிசம்பரில் 59 டொலருக்கு ஒரு குரல்கருவியை வெளியிட்டது. தம்பி அதையும் அனுப்பினார். பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளைப் பழைய மடிக்கணினி ஒன்றில் ஏற்றினோம். அதற்குத் தமிழ் தெரியும். எங்கள் தமிழ் அவ்வளவு தெரியாது. அண்ணா "லைற்றை நூர்" என்றார். திரையில் "நூறு" என்று வந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டினோம். கடைசியில் "நூறு" என்பதையே கட்டளையாக எழுதிவைத்தோம்.

கட்டளை நிறைவேற ஏழெட்டு விநாடி எடுக்கிறது. மின்சாரம் போனால் இதுவும் ஊமைதான். அலெக்சா இப்போது அலுமாரிக்குமேல், வந்த பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.