வண்டியின் நாடி

நல்ல வைத்தியர் நோயாளியைக் கண்டவுடன் மருந்துப் பெட்டியைத் திறந்துவிடுவதில்லை. நாடியைப் பிடித்துப் பார்த்து, வலி எங்கே, எப்பொழுது என்று கேட்டறிந்த பின்னரே மருந்து சொல்லுவார். பழைய மோட்டார் வண்டிக்கும் இவ்விதியே பொருந்தும். கியர் மாற்றும்போது 'கறகற'வென்று சத்தம் எழுந்தால், உடனே கியர்ப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பல சமயங்களில் குற்றம் பெட்டியில் இராது. அதற்கு முன்னே நிற்கும் கிளச்சில் இருக்கும்.

ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் போக்குவரத்தை ஆரம்பித்தது 1912-ல். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் கிளச்சு என்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் குழிவில், ஸ்பிரிங்கின் பலத்தால் அக்கூம்பு அழுந்தி நிற்கும். காலால் மிதியை அழுத்தினால் விலகும். இக்கூம்புக்கு வரும் நோய்கள் மூன்று.

முதலாவது வழுக்கல். மேட்டில் ஏறுகையில் என்ஜின் இரைகிறது, வண்டியோ நகரவில்லை, தோல் கருகும் நாற்றமும் வருகிறது என்றால், தோலில் எண்ணெய் படிந்திருக்கும். அல்லது தோல் தேய்ந்தோ, ஸ்பிரிங் தளர்ந்தோ போயிருக்கும். எண்ணெயாயின், பெட்ரோலால் கழுவி உலர்த்தி, முல்தானி மட்டித் தூளைத் தூவுவார்கள். இரண்டாவது முரட்டுத்தனம். மிதியை விட்டதும் வண்டி துள்ளிப் பாய்ந்தால், தோல் காய்ந்து இறுகிவிட்டதென்று பொருள். அதற்கு மருந்து நம் வீட்டு விளக்கெண்ணெயே. சிறிதளவு தடவித் தோலில் ஊறவிட வேண்டும். வழுக்கும் கிளச்சுக்கு இதே விளக்கெண்ணெயைத் தடவினால் நோய் முற்றிவிடும்!

மூன்றாவது, மிதித்த பின்னும் கூம்பு முழுதும் விலகாமை. இதையே கியர்ப் பெட்டியின் குற்றமென்று மயங்குவார்கள். பரீட்சை எளிது. என்ஜினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்கள். பின்பு என்ஜினை ஓடவிட்டு, மிதியை அழுத்திச் சில விநாடி பொறுத்துப் போடுங்கள். முன்னதில் ஓசையின்றி விழுந்து, பின்னதில் கறகறத்தால் குற்றம் கிளச்சினுடையதே. வண்டி ஓடுகையில் மட்டும் சத்தமென்றால், டிரைவரின் கைப்பழக்கத்தையும் பார்க்க வேண்டும். 1928-ல் காடிலாக் வண்டியில் பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் அமைப்பு வருவதற்கு முன், கியர் மாற்ற இருமுறை மிதித்தல் அவசியமாயிருந்தது.

இனிப் பெட்டியைப் பார்ப்போம். ஒரு கியரில் மட்டும் இரைச்சலானால், அந்தக் கியரின் பற்கள் தேய்ந்திருக்கலாம். கீழ்க் கியர்களிலெல்லாம் இரைந்து, மேல் கியரில் அடங்கினால், துணைத் தண்டைச் சோதியுங்கள். நேரடி மேல் கியரில் அத்தண்டு பாரம் சுமப்பதில்லை. பெட்டியின் எண்ணெயை வடித்து, அதில் ஒரு காந்தத்தை ஆட்டிப் பார்ப்பதும் நன்று. எஃகுத் துகள் காந்தத்தில் ஒட்டும். வெண்கலத் துகள் ஒட்டாது.

எல்லாவற்றினும் கொடியது, போட்ட கியர் தானே கழன்று விழுவது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகக் கடமலைக்குண்டுக்கு வருகிறவர்கள் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கவேண்டும். ஏற்றத்தில் கிளச்சு வழுக்கினால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் கியர் கழன்றாலோ, என்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் அக்கணமே போய்விடும். ஆதிகால வண்டிகள் பலவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

ஆகவே, பழைய வண்டியைப் பேணி வைத்திருக்கும் இல்லத்தார், மலைப்பாதைக்குப் புறப்படுமுன் சமதரையில் ஒவ்வொரு கியரிலும் வண்டியை விரைவாக்கி, சட்டென்று வேகத்தை விட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கியரில் கோல் துள்ளிக் கழல்கிறதோ, அங்கே பூட்டும் ஸ்பிரிங்கோ பற்களோ தேய்ந்திருக்கும். அதைச் செப்பனிடும்வரை குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கலாகாது.