திருக்கழுக்குன்றத்தில் கழுகு இல்லை



போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் போய்வந்தேன். கும்மிடிப்பூண்டியில் ஏறி சென்ட்ரல், எதிரே பூங்கா நிலையத்தில் செங்கல்பட்டு வண்டி, பிறகு பஸ். மலைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். (முட்டி வலியோடு ஏறினேன் என்று என் மகளிடம் யாரும் போட்டுக் கொடுக்க வேண்டாம்.)

உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். எண்பதுகளில் பள்ளிச் சுற்றுலாவாக அங்கே போனோம். உச்சி வேளையில் சர்க்கரைப் பொங்கல் வைத்ததும் வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வந்து இறங்கின. கழுகு என்று சொன்னாலும் அவை மஞ்சள்முகப் பாறுகள், பிணந்தின்னி இனம். 1990களோடு அந்த வருகை நின்றுபோனது.

"ஏன் தாத்தா வரலை?" என்றாள் பேத்தி. பக்கத்தில் இருந்த பெரியவர் முந்திக்கொண்டார்: "கலி முத்திப்போச்சும்மா."

எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. பழியைத் தூக்கிக் கலியுகத்தின் மேல் போட்டுவிட்டால் நம் கை சுத்தமாகிவிடும் அல்லவா? அதே காலத்தில்தான் நாடு முழுக்கப் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு மட்டும் 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 சதவீதம் குறைந்தது. காரணம் மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் அது நடந்தது. 1996 வாக்கில் எங்கள் சிவப்புப் பசு படுத்துவிட்டது. ஊசி போடச் சொன்னவன் நான். மறுநாளே செத்தது. ஏரிக்கரைப் பொட்டலில் கொண்டு போட்டோம். அப்புறம் அதன்மேல் எது இறங்கியது என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

2006இல் மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அதை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் மாட்டுக்குக் கூடாது என்றார்கள். சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் மெடிக்கல் கவுண்டரில் நிற்பது சட்டமில்லை, நீங்கள்தான். உங்களில் நாலைந்து பேர் கடை வைத்திருக்கிறீர்கள். கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் சிப்காட் வேலையோடு மாடும் வளர்க்கிறீர்கள். டாக்டரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். பாறுக்குத் தீங்கு செய்யாத மருந்து அது, மாட்டுக்கும் வலி கேட்கும். மாட்டுக்கென்று மனித ஊசி கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள்.

நம் மாநிலத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பாறுகள் இருக்கின்றன. முழுப்பரீட்சை லீவில் முதுமலைக்குக் கூட்டிப்போவதாகப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே படி இல்லை என்பது கூடுதல் சௌகரியம்.