கட்டும் கைகளுக்கு வீடு வேண்டும்

டயகம போன்ற தோட்டங்களிலிருந்து கொழும்பு சென்ற இளைஞர் பலர், அங்கு மாடிக் கட்டடங்களை எழுப்பும் மேசன்களாகவும் உதவியாட்களாகவும் உழைக்கின்றனர். பெற்றோரோ லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர்.

மலையகத்துக்கென இந்தியா 10,000 வீடுகளை அறிவித்தது 2017இல். அடிக்கல் நாட்டப்பட்டதோ 2024இல். தாமதத்துக்கு நிதியும் நிர்வாகமும் காரணங்களாகலாம். தொழிலறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை என்பதே நமது கருத்து.

ஆனால், கைத்திறன் மட்டும் போதாது. மேசனும் உதவியாளும் ஒருவரையொருவர் மதிக்காத இடத்தில் வேலை தடைப்படும், பொருளும் வீணாகும். எனவே, அனுபவமுள்ள இளைஞருக்குத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழிசெய்து, குழுக்களாக இணைத்து, நியாயமான கூலியுடன் சொந்தத் தோட்டத்திலேயே பணி வழங்க வேண்டும். தன் தாய் குடியேறவிருக்கும் வீட்டைக் கட்டுபவனுக்கு ஊக்கத்தை வெளியிலிருந்து யாரும் ஊட்ட வேண்டியதில்லை.