சார்ஜர் செருகியே இருக்கலாமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஹாஸ்டல் அறைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். லேப்டாப் மெத்தை மேல், சார்ஜர் சுவரில், பேட்டரி 100 சதவீதத்தில். காலையில் செருகியது ராத்திரி வரை அப்படியே இருக்கும். கேட்டால், "கரண்டு போயிடுச்சுன்னா?" என்பார்கள்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அடுத்த வருஷமே, சென்னையைத் தாண்டினால் தினமும் பல மணி நேர மின்வெட்டு. கரண்டு இருக்கும்போதே நிரப்பி வைத்துவிட வேண்டும் என்று அன்றைய அண்ணன்களும் அக்காக்களும் பழகினார்கள். அந்த மின்வெட்டு போய்விட்டது, பழக்கம் போகவில்லை!

இதோடு இரண்டு பழைய யோசனைகளும் சுற்றுகின்றன. ஒன்று, பேட்டரியைக் கழற்றிவிட்டு நேர் கரண்டில் ஓட்டுவது. இப்போது பெரும்பாலும் பேட்டரி உள்ளேயே இருப்பதால் அந்தப் பேச்சே இல்லை. இன்னொன்று, முழுசாகக் காலியான பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது. அது நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது. லித்தியம் அயனுக்கு அது கெடுதல்.

உண்மையில் சார்ஜர் செருகியிருப்பது தப்பே இல்லை நண்பர்களே. பேட்டரி நிறைந்ததும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். ஆனால் நிறைந்த நிலையிலேயே, அதுவும் சூட்டோடு, நாள் முழுக்க இருந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாகி, பேட்டரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். நம்ம ஊர் வெயில் ஒரு பக்கம், காற்று போகும் துளையை அடைக்கும் மெத்தை இன்னொரு பக்கம். பேட்டரி பாவம் என்ன செய்யும்?

வழி ரொம்ப எளிது. பல லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு, மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றினால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வருமே, அதற்கு முதல் நாள் ராத்திரி மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், கம்பெனிகள் சட்டம் 2013 தேய்மானக் கணக்குக்கு லேப்டாப்பின் ஆயுளை 3 வருஷம் என்கிறது. பி.காம். படிப்பும் 3 வருஷம்தான். ஆனால் டிகிரி முடிந்து வேலை தேடும்போதுதான் லேப்டாப் அதிகம் தேவைப்படும். அப்போது புது பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்பதா, இன்றைக்கே அந்த 80-ஐப் போட்டு வைப்பதா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!