அரிசிப் பைக்கு விலை ஏழையின் முகமா?

ரமளான் பிறை இருபதைத் தாண்டினால் போதும், பித்ரா அரிசி வந்து இறங்கும் முன்பே பேனர் வந்து விடுகிறது. ஒரு பக்கம் கிளைத் தலைவர், மறுபக்கம் செயலாளர், பின்னால் பொருளாளரும் அவருடைய மச்சானும். நடுவில், துப்பட்டியை இழுத்து முகத்தை மறைத்துக் கொள்ளப் போராடும் ஒரு விதவைத் தாய். "இந்தப் பக்கம் பாருங்கம்மா" என்று ஒருவர் செல்போனை நீட்டுகிறார். பையை அந்தத் தாயும் பிடித்திருக்கிறார், தலைவரும் பிடித்திருக்கிறார். படம் எடுத்து முடியும் வரை தலைவர் கையை விடுவதில்லை. ஐந்தே நிமிடத்தில் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் என்று அந்த முகம் ஊர் சுற்றப் புறப்பட்டு விடுகிறது.

இது எந்தவொரு இயக்கத்தையும் குறி வைத்து எழுதப்படுவது அல்ல. பள்ளிவாசல் ஜமாஅத், நலச் சங்கம், கட்சி, பைத்துல்மால் என்று யாரும் இதில் விதிவிலக்கு இல்லை. 2015 டிசம்பரில் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தபோது, பிறர் அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மீதெல்லாம் முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாகச் செய்தி வந்து நாடே சிரித்தது. நம்மவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அவர்கள் பொட்டலத்தின் மீதாவது ஒட்டினார்கள். நாம் வாங்குபவரின் முகத்தின் மீதே ஒட்டிக் கொண்டிருக்கிறோம்!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்?

"நன்கொடை தந்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டாமா?" என்கிறார்கள். கட்டாயம் காட்ட வேண்டும். ஆனால் போட்டோ எப்போது கணக்கானது? ஐம்பது பைக்குப் பணம் வாங்கி, முப்பது பை கொடுத்துவிட்டு, பத்துப் படம் போட்டால் எந்த நன்கொடையாளருக்குத் தெரியும்? அரிசி மண்டி பில், வங்கிக் கணக்கு விவரம், பெற்றவரின் கையெழுத்தோடு கூடிய பதிவேடு, ஆண்டுக்கு ஒரு முறை தணிக்கை. இவைதாம் கணக்கு. இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் நிர்வாகிகளே படம் போடுவதில் முதலிடம் பிடிக்கிறார்கள் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

"பார்ப்பவர்களுக்கு ஆர்வம் வருமே, திருக்குர்ஆன் 2:271 வசனம் பகிரங்கமாகக் கொடுப்பதையும் நல்லது என்கிறதே" என்று மார்க்க ஆதாரமும் காட்டுகிறார்கள். அந்த வசனத்தை முழுமையாக ஓதட்டும். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதே மேலானது என்றல்லவா அதே வசனம் தொடர்கிறது? அது மட்டுமல்ல, அங்கே பகிரங்கம் என்பது கொடுப்பவரின் செயலைப் பற்றியது. நான் இவ்வளவு தந்தேன் என்று ஒருவர் பிறரைத் தூண்டுவதற்காகச் சொல்லலாம். வாங்கியவர் இன்னார் என்று ஊருக்குக் காட்ட யார் அனுமதி தந்தது? இரண்டு வசனங்கள் தள்ளி, 2:273ல், கையேந்தாமல் மானத்தோடு இருப்பதால் செல்வந்தர் என்று பிறர் எண்ணிக் கொள்ளும் ஏழைகளைப் பற்றிப் பேசப்படுகிறது. உதவிக்கு அதிகத் தகுதி உள்ளவர்கள் அவர்களே. கேமரா இருக்கும் வரிசையில் அவர்கள் நிற்பார்களா? வர மாட்டார்கள். பட்டினி கிடப்பார்கள், அல்லது வட்டிக்காரனிடம் போவார்கள். ஆக, இந்தப் படங்கள் யாருக்காக ஜகாத் வசூலிக்கிறோமோ அவர்களையே விரட்டி அடிக்கின்றன.

மூன்றாவது வாதம் கொஞ்சம் கனமானது. "2020ல் கொரோனாவைப் பரப்பியவர்கள் என்று சமூக வலைத்தளம் முழுக்க நம்மைத் தூற்றினார்கள். நாம் செய்யும் உதவியைக் காட்டினால்தானே வெறுப்புக்குப் பதில் சொல்ல முடியும்?" என்கிறார்கள். நியாயமான வேதனைதான். அதே கொரோனாவில், சொந்த உறவினரே நெருங்க அஞ்சிய பிற மதத்தவரின் உடல்களையும் நம் இளைஞர்கள் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். தொண்டர்களைக் காட்டுங்கள், வாகனத்தைக் காட்டுங்கள், மூட்டைகளைக் காட்டுங்கள். வாங்கும் ஏழையின் முகம் எதற்கு? சமுதாயத்தின் நற்பெயருக்கு ஓர் ஏழையின் கண்ணியத்தைக் கூலியாகக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. 2020 ஏப்ரலில் அஜ்மீர் மாவட்ட நிர்வாகம், உணவு வழங்கும்போது படம் எடுக்கக் கூடாது என்று தடை விதித்தது. ஒரு மாவட்ட நிர்வாகத்துக்குப் புரிந்தது, மார்க்கம் பேசும் நமக்குப் புரியவில்லை.

ஒரு காலத்தில் பத்திரிகையில் படம் வந்தால் மறுநாள் அது பஜ்ஜி மடிக்கப் போய்விடும். இன்று அப்படி அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை எல்லோரிடமிருந்தும் நீக்க, அனுப்பியவருக்கே ஏறக்குறைய இரண்டரை நாள்தான் அவகாசம். அதற்குள் ஒருவர் சேமித்து விட்டால் அதுவும் பயனில்லை. முகநூலோ ஆண்டுதோறும் அதே தேதியில் 'நினைவுகள்' என்று பழைய படத்தைத் தோண்டி எடுத்துக் கொடுக்கிறது. தாயோடு வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுமிக்கு நாளை பெண் பார்க்க வருவார்கள். மாப்பிள்ளை வீட்டாரின் கைபேசியிலும் அந்தப் படம் இருக்கலாம். கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் சமூக வலைத்தளங்களிலிருந்து கோடிக்கணக்கான முகங்களை யாரையும் கேட்காமல் அள்ளிச் சேர்த்தது 2020ல் அம்பலமானது. நாம் பதிவேற்றும் முகம் எந்தக் கிடங்கில் போய்ச் சேரும் என்று எந்தச் செயலாளர் உத்தரவாதம் தருவார்?

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரியில் 'புல்லி பாய்' என்று, முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக வலைத்தளங்களிலிருந்து எடுத்து ஏலம் விடுவதாக இழிவுபடுத்திய அயோக்கியத்தனத்தைக் கண்டு நாம் கொதித்தோம். அனுமதியின்றி எங்கள் சகோதரிகளின் படத்தை எடுக்க நீ யார் என்று கேட்டோம். அந்தக் கயவர்களின் நோக்கம் வேறு, நம் நோக்கம் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடிசையில் இருக்கும் சகோதரியிடம் நாம் அனுமதி கேட்டோமா?

"கேட்டோம், சரி என்றார்" என்பார்கள். பசித்தவள் வேறென்ன சொல்வாள்? தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2023ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது. அரிசிப் பையை ஒரு கையில் பிடித்துக் கொண்டு வாங்கும் ஒப்புதல் எந்த வகையில் சேரும்?

இதைவிட மோசமானது மருத்துவ உதவி கோரும் செய்திகள். நோயாளியின் வயிற்றில் குழாய் சொருகிய படம், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், மனைவியின் செல்போன் எண். அத்தனையும் ஒரே செய்தியில்! அந்த எண்ணுக்கு உதவி வருகிறதோ இல்லையோ, நள்ளிரவில் கண்டவன் அழைப்பும் மோசடிக்காரன் அழைப்பும் வருகின்றன. நோயாளி குணமாகிப் போனாலும், வஃபாத்தே ஆகி விட்டாலும், செய்தி மட்டும் ஆண்டுக் கணக்கில் சுற்றிக் கொண்டே இருக்கிறது. நிர்வாகிகளே! ஆவணங்களை நீங்கள் வாங்கிச் சரிபாருங்கள். மருத்துவமனையின் கணக்குக்கே பணம் போகச் செய்யுங்கள். வெளியே போகும் செய்தியில் நோயும், தேவைப்படும் தொகையும், விசாரிக்க உங்கள் எண்ணும், கடைசித் தேதியும் போதும்.

இந்த ஆண்டு பித்ராவை இரவோடு இரவாக வீட்டு வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். பட்டியலைப் பொருளாளரிடம் மட்டும் வையுங்கள். குழுவில் போட வேண்டாம். ஏற்கனவே போட்டவற்றை என்ன செய்வது? முகநூலில் பழைய பதிவுகளை மொத்தமாகத் தேர்வு செய்து நீக்கும் வசதி 2020 முதலே இருக்கிறது. கிளையின் பக்கத்தைப் பராமரிக்கும் தம்பிகளிடம் சொன்னால் ஒரு நாள் வேலை. வரும் ஜும்ஆவுக்குள் முடித்து விடலாம்.