எங்கள் பிணத்துக்கும் தனி வழியா, சாமி?

கடவுள் முன்னால் சாதி இல்லை என்று பீடத்தில் நின்று பிரசங்கம் வைக்கிறீர்கள். கோயில் வாசலைத் தாண்டினால் எங்களுக்குத் தனிக் கல்லறை, தனிப் பாதை. கிறிஸ்தவனுக்குச் சாதி கிடையாது என்று அரசாங்கம் சட்டம் காட்டுகிறது. அப்படி எழுதிய சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் அதே காலனி, அதே வசவு. அந்தப் பக்கமும் பொய், இந்தப் பக்கமும் பொய். இந்த இரண்டு பொய்க்கும் நடுவில் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, கல்யாணம் கட்டி, செத்தும் போகிற தலித் சனங்கள் நாங்கள். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் பங்குக் கோயில் மேல்சாதிக்காரர்கள் குடியிருக்கும் ஊர்த்தெருவில் இருக்கிறது. அதைக் கட்டும்போது மண்ணும் கல்லும் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன்மார். சாமி காரியம் என்று கூலி வாங்காமல் சுமந்தார்கள். கட்டி முடித்ததும் அவர்களை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். இன்றைக்கு உட்காரும் இடத்துக்கு யாரும் கோடு கிழிப்பதில்லை. ஆனால் எங்கள் பிள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பூசைக்கு உதவி செய்யப் போனால் முன்வரிசை முகம் சுளிக்கிறது. பாடற்குழுவில் இடம் கேட்டால் குரல் சேரவில்லை என்கிறார்கள். திருவிழா வரியை எங்களிடம் மட்டும் வாங்க மறுக்கிறார்கள். ஏழைகள், பாவம் என்று விட்டுவிட்டதாக வெளியூர்க்காரர் நினைப்பார். வரி வாங்கினால் திருவிழாவில் பங்கு கேட்போம், சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வருவோம். அதற்குத்தான் எங்கள் காசு வேண்டாம்.

தேர்பவனி அன்று மாதா சப்பரம் ஊர்த்தெரு முழுக்கச் சுற்றும். எங்கள் தெரு பிரியும் முனையில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. அதோடு சரி. பேண்டு வாத்தியம் நிற்கும். தூக்கினவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். சப்பரம் வந்த வழியே திரும்பிவிடும். எங்கள் பெண்கள் வாசல் தெளித்து, கோலம் போட்டு, மெழுகுதிரியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு வருஷா வருஷம் நிற்கிறார்கள். "மாதா ஏம்மா நம்ம வீட்டுப் பக்கம் வரமாட்டேங்குது?" என்று என் மகள் கேட்டாள். மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தருவார்களா?

என் அம்மா ஐப்பசி மழையில் இறந்தாள். கோயிலை ஒட்டியே தார் ரோட்டோரம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது ஊர்க்காரர்களுக்கு. எங்களுடையது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். கோயில் சவ வண்டியைக் கேட்டோம். "அது ஊர்க்காரங்க காசுல வாங்கினது" என்றார்கள். தோளில் தூக்கினோம். கரையில் சேறு முழங்கால் வரை இழுத்தது. வழுக்கிய இடத்தில் பெட்டி சரிந்து, என் தம்பி தோளோடு அதை முட்டுக்கொடுத்து நின்றான். பங்குச்சாமியார் கரை மேட்டிலேயே செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஆயுசு முழுக்க ஜெபமாலை உருட்டிய கை என் அம்மாவுடையது. தவக்காலத்தில் ஒருநாளும் சிலுவைப்பாதை தவறவிடாதவள். அவளை மோட்சத்தில் சேர்க்கிற சாமியாருக்கு, அவள் குழிவரை நடந்துவர முடியவில்லை.

ஏதோ ஒரு ஊர்க்கதை என்று தள்ளிவிடாதீர்கள். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்தார்கள். 1910-ல் அந்தச் சுவரை இடித்தபோது, இடித்தது தப்பு என்று மேல்சாதிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் பிணங்களுக்கு நடுவே நின்ற சாதிச் சுவரை நாடறியும். எறையூரில் எங்கள் சனங்கள் தனிப் பங்கு கேட்டதற்கு 2008 மார்ச்சில் வீடு புகுந்து அடித்தார்கள். அந்தக் கலவரத்தில் போலீஸ் சுட்டு இரண்டு உயிர் போனது. செத்தவர்கள் அந்த ஊர்த்தெருக்காரர்கள். அவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான். அவர்களுக்காகவும் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. எந்தச் சாதிப் பெருமையைக் காப்பாற்ற அந்த உயிர்கள் போயின?

திருச்சபைக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். சாதியைச் சபையிலிருந்து அடியோடு விலக்கவேண்டும் என்று ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் 1833-லேயே கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சாதிப் பாகுபாடு பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 1982-ல் சொன்னது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-ல் தமிழக ஆயர்களை ரோமில் வைத்தே இதுபற்றிக் கண்டித்துப் பேசினார். 2016-ல் பேரவை ஒரு தனிக் கொள்கையே வெளியிட்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அதில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கோயிலை நிரப்புகிற சனத்தில் பாதிக்கு மேல் நாங்கள். தீர்மானத்துக்குக் குறைவில்லை. எங்கள் ஏரிக்கரையில்தான் இன்னும் சேறு.

இனி அரசாங்கத்தின் பக்கம் வருகிறேன். 1950 ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் வழி திறந்தது. அந்த மதங்களும் சாதியை ஏற்பதில்லை. ஆனால் மதம் மாறினாலும் வடு மாறாது என்று அவர்களுக்கு விளங்கிக்கொண்ட அரசாங்கம், எங்களுக்கு மட்டும் கதவைச் சாத்தியது. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். எங்களை அடக்கிவைக்கிற அதே ஊர்த்தெருவோடு வேலைக்கும் படிப்புக்கும் போட்டி போட வேண்டும். சாதி சொல்லித் திட்டி அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாங்கள் வழக்குப் போட முடியாது. பஞ்சாயத்துத் தனித்தொகுதியில் நிற்க முடியாது.

சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கைக் கேளுங்கள். செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. மதத்தைப் பார்க்காமல் பட்டியல் சாதித் தகுதி கொடுங்கள் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. அது அலமாரிக்குப் போனது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் எங்களுக்கு அந்தத் தகுதியைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று சொல்லிவிட்டது.

மோசடி! எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் ஒரு பேர் ஏன் இருக்கிறது என்று யாராவது யோசித்தீர்களா? ஞாயிறு காலையில் பத்துக் கட்டளையை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை, திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் கழுத்து ஜெபமாலையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கிறது. உதவித்தொகைக்காக என் ஆண்டவரைத் தெரியாது என்று சொல்ல வைக்கிறீர்கள். உண்மை பேசினால் படிப்பு போகும், பொய் பேசினால் மனசாட்சி போகும். இந்த இடுக்கில் எங்களைத் தள்ளியவர்களை விட்டுவிட்டு, மோசடிக்காரர் என்ற பேர் எங்களுக்கா?

"அப்படியென்றால் அந்த மதம் எதற்கு, விட்டு வந்துவிடுங்களேன்" என்று புத்தி சொல்கிறவர்கள் உண்டு. மாட்டுக்கொட்டிலில் பிறந்தவர் எங்கள் ஆண்டவர். நகரத்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர். இரவல் கல்லறையில் கிடத்தப்பட்டவர். எங்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு எங்களைத் தெரியும். ஊர்த்தெருக்காரர்கள் கொடுத்து நாங்கள் அவரை வாங்கவில்லை. அவர்கள் விரட்டுவதால் விடப்போவதும் இல்லை.

ஆயர்களே, ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ம் கறுப்பு நாள் என்று கொடி பிடிக்கிறீர்கள். எங்களுக்காக டெல்லியிலும் குரல் கொடுக்கிறீர்கள். நன்றி. ஆனால் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் டெல்லியில் இல்லை, உங்கள் கல்லறைகளில் இருக்கிறது. எத்தனை பங்கில் இரண்டு கல்லறை, எத்தனை பங்கில் இரண்டு சவ வண்டி, எத்தனை ஊரில் சப்பரம் பாதியில் திரும்புகிறது என்று மறைமாவட்டம் வாரியாகக் கணக்கெடுத்து, எங்கள் சபை செய்த பாவம் இது என்று கையெழுத்துப் போட்டு ஆணையத்தின் முன் வையுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லி எங்களை முழந்தாளிட வைத்தவர்கள் நீங்கள். உங்கள் முறை இது.

அரசே, மூன்றாவது பத்தியை நீக்கு. எங்களை அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

பங்குச்சாமிகளே, கல்லறை ஒன்றாகாத ஊரில் திருவிழாக் கொடியை ஏற்றாதீர்கள். சப்பரம் எங்கள் தெருவுக்கு வராது என்றால் அது கோயிலை விட்டே புறப்பட வேண்டாம். ஊர்த்தெரு கோபித்துக்கொள்ளும், காணிக்கை குறையும். குறையட்டும். அதைச் செய்கிற தைரியம் வரும்வரை, அந்தப் பீடத்திலிருந்து எங்களைப் பார்த்துச் சகோதர சகோதரிகளே என்று கூப்பிடாதீர்கள்.